நஸ்ரினின் தாளில் நான் எழுதாமல் விட்டது

மகனே,

இன்று காலை ஒன்பதரை மணிக்கு உனக்கு முத்தடுப்பு ஊசி போட்டாயிற்று. இரண்டாம் மாதம் போட்டிருக்க வேண்டியது. உனக்கு இன்று ஆறு மாதமும் பதினொரு நாளும் ஆகிறது. இப்போது பகல் ஒன்றரை மணி. நீ கட்டிலில் மல்லாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்குகிறாய். உடம்பு கதகதவென்று இருக்கிறது. தொடையில் ஊசி ஏறின இடம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. ஏ.சி.யை நிறுத்தினால் உனக்கு வியர்க்கிறது; போட்டால் அதன் இரைச்சலில் உன் மூச்சு எனக்குக் கேட்பதில்லை. அதனால் நிறுத்துவதும் போடுவதுமாக இருக்கிறேன். மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தால் பித்துப் பிடித்துவிடும் போலிருந்தது. உன் வாப்பாவின் போன வருஷத்து டைரியை எடுத்துக்கொண்டு, கட்டில் காலில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ இதைப் படிக்கும்போது உனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுக்க மாட்டேன். உனக்குப் புரியாது என்பதற்காக இல்லை, படித்துவிட்டு நீ நிமிர்ந்து பார்க்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு வருஷம் வேண்டும். ஆனால் ஒளித்து வைக்கப்போவதும் இல்லை. உன் வாப்பா படிப்பார். மாடியில் இருக்கும் நர்ஸ் சுகந்தி படிப்பாள். இந்தக் கட்டடத்தில் பிள்ளை வைத்திருக்கிற எந்தப் பெண் கேட்டாலும் கொடுப்பேன். இரண்டு வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் என்னவெல்லாம் ஆயிற்று என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நஸ்ரின் உனக்கு மூத்தவள். இருந்திருந்தால் லாத்தா என்று கூப்பிட்டிருப்பாய். நான்கு மாதம் இருந்தாள். அவளைப் பற்றி உனக்குச் சொல்லியிருப்பார்கள், இரண்டு வார்த்தையில்: ஊசி போட்டார்கள், மவுத்தாகிவிட்டாள். ஊரில் உன் வாப்பும்மாவிலிருந்து இந்தக் கட்டடத்துக் காவல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை அதுதான். அந்தக் கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை. யார் சொன்னபோதும் மறுக்கவுமில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒன்றைப் பற்றித்தான்.

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் நாங்கள் அப்போது இருந்ததும் இப்போது இருப்பதும் இதே வீடுதான். வீடு என்றால் ஒரு ஃப்ளாட்டில் பாதி. எங்களுக்கு ஒரு ரூம், இன்னொரு குடும்பத்துக்கு ஒரு ரூம், சமையலறையும் குளியலறையும் பொது. நடுவில் இருப்பது பலகைச் சுவர். உன் வாப்பாவுக்கு துபாயில் துணிக்கடையில் டூட்டி. காலையில் ஆறு மணிக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் கிளம்பினால், இரவு பத்தரைக்குத்தான் திரும்புவார். ஒரு புதன்கிழமை நான்தான் நஸ்ரினை இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போட்டவள் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, என் வயதுதான் இருக்கும், இதே கட்டடத்தின் மேல்மாடியில் இன்னும் இரண்டு நர்ஸ்களோடு ஒரு ரூமில் இருப்பவள். "காய்ச்சல் வரும் அக்கா, பயப்பட வேண்டாம். இந்தச் சொட்டு மருந்தை மட்டும் அளந்து குடுங்கோ. வேற ஒண்டும் குடுக்க வேண்டாம்" என்றாள். வேற ஒண்டும் குடுக்க வேண்டாம். அந்தச் சொல் என் காதில் நன்றாக விழுந்தது, மகனே.

அன்று சாயங்காலம் தொடங்கிக் காய்ச்சல். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. சொட்டு மருந்து கொடுத்தேன், தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், தண்ணீர்த் துணி வைத்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரர் இரண்டு தடவை தட்டினார். அவரும் பாவம், விடிகாலை ஷிஃப்ட். உன் வாப்பா எழுந்து உட்கார்ந்து, "என்னா புள்ள, எதையாவது குடேன், இப்பிடி அழுதா மூச்சு முட்டிரும்" என்றார். அவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னது அது. நான் விழித்துக்கொண்டிருந்தவள். அவர் ஆறு மணிக்குக் கிளம்பிப் போன பிறகு, அலமாரியில் அவர் தனக்காக வாங்கி வைத்திருந்த சளி மருந்து பாட்டில் கண்ணில் பட்டது. அதைக் குடித்தால் அவருக்கு அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். நான் பி.எஸ்.சி. வேதியியல் படித்தவள். இந்தக் கட்டடத்தில் யார் மருந்து வாங்கி வந்தாலும், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு நான் படிக்கவில்லை. அரைக் கரண்டி ஊற்றி, தாய்ப்பால் இரண்டு சொட்டுக் கலந்து கொடுத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். துணி துவைத்தேன். குளித்தேன். ஒரு டீ போட்டு, உட்கார்ந்து, சூடாகக் குடித்தேன். பிள்ளை பிறந்த பிறகு முதல்முறையாக. ஒன்பதே முக்காலுக்குப் போய்த் தொட்டபோது ஏ.சி.யின் குளிர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யவேண்டியதைச் செய்து பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸ் வந்தது. உன் வாப்பா வந்தார். அவருக்கு முன்னால் செய்யது காக்கா வந்துவிட்டார். அவரை உனக்குத் தெரிந்திருக்கும், இங்கே எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெரியவர், சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருப்பவர். ஊர்க்காரன் யார் மவுத்தானாலும் முதலில் போய் நிற்கிற மனிதர். எந்த ஆபீஸில் எந்த முத்திரை, அடக்கம் செய்ய மையவாடியில் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நான் வராந்தாவில் தரையில் கிடந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "தாயீ, இப்ப அழ நேரமில்ல. ஒரு தாள் எழுதணும்" என்றார்.

இந்த ஊரில் எதற்கும் ஒரு தாள் வேண்டும், மகனே. வேலை மாற, லைசென்ஸ் எடுக்க, பெண்டாட்டியைக் கூப்பிட, ஊருக்குப் போக, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். கட்டடத்துக்கே அதை எழுதிக்கொடுப்பவள் நான். கஃபீல் என்கிற விசா முதலாளிக்குப் போகிற லீவு லெட்டர்கூட என் கையெழுத்தில்தான் போகும். ரைட்டரம்மா என்றுதான் ஆம்பிளைகள் கேலியாகக் கூப்பிடுவார்கள். அதனால் காக்கா சொன்னபோது எனக்கு அது வழக்கமான இன்னொரு தாளாகத்தான் பட்டது. "புள்ள மவுத்துல எங்களுக்குச் சந்தேகம் ஒண்ணுமில்ல, அறுத்துப் பாக்க வேணாம், மையித்தக் குடுத்துருங்கன்னு எழுது. நீ எழுதுனா ஒரே தடவையில சரியா வரும்."

"நேத்து ஊசி போட்டோம் காக்கா. அத எழுதணுமா?"

"ஊசி கீசின்னு எழுதுனா கலாஸ், காரியம் கெட்டுரும். எந்த ஊசி, யாரு போட்டான்னு ஃபைலத் தொறப்பாங்க. நாளைக்கு வெள்ளி, ஆபீஸ் கெடையாது. புள்ள ஐஸ்ல கெடக்கும். நாலு நாளோ பத்து நாளோ. ஒனக்குச் சம்மதமா?"

நஸ்ரினை அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் நினைத்துப் பார்த்தேன். எழுதிவிட்டேன். இங்கிலீஷில் நாலே வரி. எங்கள் மகள் நலமாக இருந்தாள். தூக்கத்தில் இறந்தாள். யார்மீதும் எங்களுக்குச் சந்தேகமில்லை. பரிசோதனை எதுவும் வேண்டாம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. உன் வாப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை என்பதால் நான் வீட்டில் இருந்தேன்.

ஊசியை எழுதாமல் விட்டது காக்கா சொல்லி. மருந்தை எழுதாமல் விட்டதற்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. யாருக்கும் தெரியாதே. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, குப்பைப் பைக்குள் அடியில் வைத்துக் கட்டியது.

அப்புறம் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஊசிதான், ஊசிதான் என்றார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சுகந்தி வந்தாள். கையில் ஒரு ஃபிளாஸ்க்கில் சூப். ரூமில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ. சொட்டு மருந்து தவிர பிள்ளைக்கு வேற ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்ல" என்றேன்.

ஒருத்தி எழுந்து, "செய்யறதச் செஞ்சுட்டு இங்க வந்து கேள்வி கேக்குறியா?" என்று கத்தினாள். சுகந்தி ஃபிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மாடிப்படியில் அவள் இறங்கினால் பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். கட்டடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட ஊசிக்குப் போகவில்லை. இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு நீ பிறந்தாய். இரண்டாம் மாதம் கிளினிக்கில் கொடுத்த அட்டையைப் பார்த்து உன் வாப்பா, "இதுக்கு மட்டும் ஊசி வேணாம் புள்ள. ஒண்ணக் குடுத்தாச்சு" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஊசிதான் என்று யாருக்கும் தெரியாது, வேறொன்றும் நடந்தது, என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அது என்ன என்று கேட்பார். அதனால் சரி மச்சான் என்றேன். உன் பாதுகாப்புக்கும் என் மானத்துக்கும் நடுவில் நான் எதை எடுத்தேன் என்று பார்த்துக்கொள். அட்டை அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. இரண்டாம் மாதம் போயிற்று. நாலாம் மாதம் போயிற்று.

போன மாதம் கீழ்வீட்டில் ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தது. எட்டு மாதக் குழந்தை. முதலில் சாதாரணச் சளி என்றார்கள். பிறகு அந்த இருமல் மாடிப்படி வழியாக எங்கள் ரூமுக்குள் கேட்க ஆரம்பித்தது. விடாமல் இருமி, இருமி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல். கக்குவான், முத்தடுப்பு ஊசி தடுக்கிற மூன்றில் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். பார்க்கப் போனேன். நீலம் பாரித்துப்போன உதட்டோடு அந்தப் பிள்ளை கிடந்தது. அதன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க புள்ளைக்கு அப்பிடி ஆன பயத்துல நாங்க ஊசியே போடல அக்கா" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆறுதல் தேடித்தான் சொன்னாள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க நீ ஒரு தும்மல் போட்டாலும் ஓடி வந்து உன் உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் செய்யது காக்கா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். புதுச் சட்டம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. தடுப்பூசி போட்ட சில நாளுக்குள் ஒரு பிள்ளை இறந்தால், குடும்பம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாதாம். மருத்துவர் பரிசோதித்துக் காரணம் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அடக்க விடுவார்களாம். யோசனைதான், முடிவாகவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து தூதரகம் வழியாக ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம், குடும்பம் மறுத்தால் விட்டுவிட வேண்டும் என்று கேட்கலாம் என்பது அவர்கள் திட்டம்.

"எழுதுறதுக்கு நீ இருக்கே. கையெழுத்துல மொத கையெழுத்தும் ஒன்னுதா இருக்கட்டும்மா. புள்ளயப் பறிகொடுத்த தாயி சொன்னா, அதுக்கு வெயிட்டே வேற."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. "எத்தன மையித்த இந்தக் கையால குளிப்பாட்டியிருக்கேன் தெரியுமா? ஒரு மீன்காரப் பையன், கட்டடத்துலேருந்து விழுந்தவன். பேப்பர் வரல பேப்பர் வரலன்னு பொட்டிக்குள்ளயே கெடந்தான். ஊர்ல அவங்க உம்மா போன் பண்ணிப் பண்ணிக் கேக்குறா, எம்புள்ளயக் குளிப்பாட்டிட்டீங்களான்னு. என்னாத்தச் சொல்ல?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் பார்த்த கஷ்டம் உண்மை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் எழுதினேன், இரண்டு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல இங்கிலீஷ் அதுதான். அதை எழுதிய கைக்கு என்ன பயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சட்டம் வந்தால், என்னைப் போல ஒருத்தி பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டாலும், பிள்ளையின் வயிறு காட்டிக்கொடுத்துவிடும்.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் சுகந்தி நின்றிருந்தாள். இரண்டு வருஷமாக நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. விண்ணப்ப விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. "நீங்கள்தான் எழுதுறீங்களாம்" என்றாள்.

"ஆமா. பச்சப் புள்ளய அறுக்கணும்னு எந்தத் தாய்க்கு மனசு வரும்?"

"எனக்கும் வராது அக்கா. ஆனா ஒண்டு கேக்கிறன். நஸ்ரின் ஏன் செத்தவள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. நான் மருந்தைப் பிழையா எடுத்தனோ, ஃபிரிட்ஜில பழுதாப் போச்சுதோ, ஊசியே ஒரு பிழையும் செய்யேல்லையோ. இந்த வயசுப் பிள்ளையள் ஒரு காரணமும் இல்லாமல் நித்திரையிலேயே போறதும் உண்டு. எதெண்டு தெரியாது. அண்டைக்கே பாத்திருந்தா என்னில பிழை எண்டாவது தெரிஞ்சிருக்கும். பொலிஸ் பிடிச்சு மறியலில வைச்சிருக்கும், வைக்கட்டும். இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி குத்தேக்க கை நடுங்குது. உங்களுக்கு அந்தச் சட்டம் வேண்டாம். எனக்கு வேணும்."

துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் மொட்டைமாடி வெயிலில் நின்றேன். அவள் சொன்ன மூன்று காரணத்திலும் என் காரணம் இல்லை. அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. இல்லை என்று நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் வாப்பா சாப்பிட்டு முடித்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் யோசித்திருந்தேன். கடைசியில், "மச்சான், அன்னைக்கு நீங்க போன பொறவு ஒங்க சளி மருந்த அவளுக்குக் குடுத்தேன்" என்று மட்டும்தான் வந்தது.

"எவ்வளவு?" என்றார்.

"அரக் கரண்டி."

"எந்தக் கரண்டி?"

"டீக் கரண்டி."

உன்னை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய், டீக் கரண்டியைத் தேடி எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, பாதியளவு நிறுத்தி, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் ஆடியது. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து உன்னை வாங்கிக்கொண்டார். "ரெண்டு வருசம் எங்கூடப் படுத்து எந்திரிச்சிருக்கே" என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "எதையாவது குடுன்னு நாந்தானே சொன்னேன்" என்றார். "அந்தப் பாட்டில வாங்கி வச்சதும் நாந்தானே."

"அதுனாலதான்னு தெரியாது மச்சான். ஊசியா இருக்கலாம். ரெண்டும் இல்லாமயும் இருக்கலாம்."

"அப்ப யாருகிட்ட கேக்குறது புள்ள? மையவாடியிலயா போயிக் கேக்குறது?" என்றார். நீ அவர் விரலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாய். பதில் இருந்த ஒரே இடத்தை நான்தான் நாலு வரியில் மூடினேன்.

காக்காவுக்கு எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். அதில் இங்கிலீஷ் அவ்வளவு நன்றாக இல்லை. அந்தச் சட்டம் வரவேண்டும் என்று எழுதினேன். குடும்பம் வேண்டாம் என்று சொன்னாலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு என்ன பயம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு நாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை என்று சொல்லக் கூடாது. அன்றே அடக்கக் கொடுக்க வேண்டும். ஊசி போட்டவரை மட்டும் கேட்காமல், தாயையும் தனியாக, அவள் பாஷையில், அதட்டாமல், பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தாய் என்று கேட்க வேண்டும். முடிவு என்னவென்று வீட்டாரிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கடைசியில் என் மகளுக்கு நான் கொடுத்தது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே உன் வாப்பாவும் போட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்.

காக்கா வந்து, "என்ன ரைட்டரம்மா, முடிஞ்சிச்சா?" என்றார். உன் வாப்பா அந்தத் தாளை எடுத்து நீட்டி, நான் மொழிபெயர்த்துச் சொன்னதை அவரே தமிழில் சொன்னார். காக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இதுல ஒருத்தன்கிட்டயும் கையெழுத்து வாங்க முடியாதேம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாந்தானே ஊசிய எழுதாதேன்னேன்" என்றார். போகும்போது தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர்களுடைய விண்ணப்பத்தை வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வதாகவும், இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். கொடுத்தாரா, அதை யாராவது படித்தார்களா, அந்தச் சட்டம் வந்ததா, எனக்குத் தெரியாது. நீ படிக்கும் காலத்தில் உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்று காலை உன்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். உன் வாப்பா கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வெளியே நின்றார், உள்ளே வரக் கால் எழவில்லை. சுகந்தி உன் அட்டையைப் பார்த்தாள், வெறும் கட்டங்கள். அங்கேயே, ஊசி போடுவதற்கு முன்னால், அவளிடம் சொன்னேன். மருந்தின் பெயர், அரைக் கரண்டி, காலை ஆறேகால். அவள் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு வருசம் அக்கா" என்றாள். "ரெண்டு வருசமா என்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

மன்னித்துக்கொள் என்று சொல்லப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கை கழுவினாள். மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள், என்னிடமும் காட்டினாள், தேதியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "பிள்ளையை இறுக்கிப் பிடியுங்கோ" என்றாள். அவள் கை நடுங்கவில்லை. நீ வீறிட்டு அழுதாய். போகும்போது, "சொட்டு மருந்து தவிர..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் காத்திருக்கவும் கூடாது.

இப்போது மணி மூன்று. நடுவில் எழுந்து உன்னைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை பால் கொடுத்தேன், குடித்தாய். வீட்டில் வேறு மருந்துப் பாட்டில் எதுவும் இல்லை. உன் வாப்பாவுக்குச் சளி பிடித்தால் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்க வேண்டும். சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார், எனக்கு ஒத்தாசையாம். அவர் சட்டைப் பையில் இன்று காலை நான் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால், யார் என்ன சொன்னாலும், காரணம் தெரியாமல் அடக்கக் கூடாது, பார்க்கச் சம்மதிக்கிறோம் என்று. தன் பிள்ளை உயிரோடு மடியில் கிடக்கும்போது ஒரு தாய் அப்படி எழுதுவாளா என்று கேட்டால், எழுதினேன், மகனே. உன் பெயரை அந்தத் தாளில் எழுதும்போது பேனா நகரவில்லை. பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு எழுதினேன்.

உனக்குப் பிள்ளை பிறக்கும். அது அழும், உனக்குத் தூக்கம் வரும், உன் கைக்கு எட்டும் இடத்தில் ஏதாவது ஒரு பாட்டில் இருக்கும். ஊசி போடு, நாள் தவறாமல் போடு. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. யாராவது ஒரு தாளை நீட்டி, இப்ப நேரமில்ல என்று சொன்னால், அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து முழுக்கப் படி. இவ்வளவுதான் உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளை செலவானது.

ஒரு நாள் நீ என் முன்னால் வந்து நின்று, நீதான் கொன்னியா உம்மா என்று கேட்க வேண்டியிருக்கும். தெரியாது என்றுதான் சொல்வேன். அதுதான் உண்மை, அதைவிடக் கொடுமையான பதில் எனக்குத் தெரியவில்லை. கோபப்படு, பேசாமல் இரு, என்னைப் பார்க்க வராமல்கூட இரு. ஆனால் கேட்காமல் விட்டுவிடாதே. என்னிடம் ஒரே ஒருத்திதான் கேட்டாள். அவளுக்குப் பொய் சொன்னேன். உனக்குச் சொல்ல மாட்டேன். கேள்.

உன் உம்மா